தலை வழித்த வள்ளமும் அப்புச்சியின் குரலும்



இன்றைக்குச் சத்தத்தைப் பற்றி ஒரு வரலாறு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே படியுங்கள். கடைசியில் உங்கள் எல்லோரிடமும் ஒரு உதவி கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் விட்டுவிட வேண்டாம்.

எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி காங்கயம் பக்கத்துக்காரர். பகலில் காடு, தோட்டம். ராத்திரியில் ஊர் கேட்டால் உடுக்கையை எடுத்துக்கொண்டு அண்ணன்மார் சாமி கதை பாடுவார். 1986 பொங்கல் லீவில் எங்கள் மாமா துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்திருந்தார். அதை வைத்துத் திண்ணையில் இரண்டு கேசட் பதிவு செய்தோம். முதல் கேசட்டில் கொம்பன் பன்றி வேட்டை. இரண்டாவதில் அண்ணன்மார் இருவரும் மாண்ட பிறகு தங்காள் அழுகிற இடம். இரண்டு வருடத்தில் அப்புச்சி போய்விட்டார்.

2008ல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, இந்தக் கேசட் இனி எத்தனை நாளைக்கு என்று நினைத்து ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றினேன். கடைக்காரத் தம்பியிடம் நானே சொன்னேன்: "பழைய கேசட்டு, மெதுவாக் கேக்குது. நல்லாச் சத்தமா வெச்சுக் குடு சாமி." அவரும் வைத்துக் கொடுத்தார். சி.டி. வந்துவிட்டதே என்று கேசட்டுகளைப் பழைய சாமானோடு போட்டுவிட்டேன்.

போன வருடம் என் பேரனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அப்புச்சி தங்காளாக அழ ஆரம்பித்த இடத்தில் குரல் கரகரவென்று உடைந்து, கிழிந்த பறை மாதிரி இரைந்தது. பேரன் காதைப் பொத்திக்கொண்டான். எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். கேட்டுவிட்டுப் போன் செய்தார்.

"டீச்சர், இதை இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க. லெவல் ஜாஸ்தியா வெச்சு ஏத்திட்டாங்க. உச்சியெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சுங்க."

"சத்தத்தைக் குறைச்சா சரியாகாதா கண்ணு?"

"குறைச்சா, வெட்டுப்பட்டதே மெதுவாக் கேக்கும். அவ்வளவுதானுங்க."

உச்சி வெட்டுப்படுவது என்றால் என்ன என்று அவர் விளக்கியபோது எனக்கு எங்கள் ஆத்தாவின் வள்ளம் ஞாபகம் வந்தது. நம் பக்கத்தில் தானியம் அளப்பது வள்ளத்தில். ராகியைக் கொட்டினால் மேலே கோபுரமாக நிற்கும். தலை வழித்து அளப்பவர்கள் அந்தக் கோபுரத்தைக் கையால் வழித்துவிடுவார்கள், மேல்பக்கம் தட்டையாகிவிடும். ஒலியும் அப்படித்தான் அலையாக ஏறி இறங்குகிறது. கருவி தாங்கும் அளவுக்கு மேலே ஏறினால் அலையின் தலை வழிக்கப்பட்டுத் தட்டையாகிவிடும். ஒரு வித்தியாசம். வழித்த ராகி கீழே பாயில் கிடக்கும், அள்ளிக்கொள்ளலாம். வழித்த ஒலி எங்கேயும் கிடப்பதில்லை.

அப்புறம்தான் இந்தச் சமாச்சாரம் எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் படித்தேன். ஒலியைப் பதியத் தொடங்கிய நாள் முதலே இதுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

இந்தியாவில் வணிகத்துக்காக இசைத்தட்டுப் பதிவு 1902ல் கல்கத்தாவில் நடந்தது. கௌஹர் ஜான் பாடினார். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் குழாயின் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வு குழாயின் அடியிலுள்ள தகட்டை ஆட்ட, அதில் பொருத்திய ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெதுவாகப் பாடினால் கோட்டின் நெளிவு சிறிதாகி, இரைச்சலில் மறைந்துவிடும். உரக்கப் பாடினால் ஊசி தாவும், குரல் உடையும். அதனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பாடகர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், கீழே வரும்போது முன்னால் வர வேண்டும். பதிவு செய்பவரே பாடகரின் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவதும் உண்டாம். லெவல் வைப்பது என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதை அன்றைக்குக் கால்களால் செய்திருக்கிறார்கள்.

1925ல் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. அந்தத் தலைமுறையில் நம் கொங்கு மண்ணிலிருந்து இசைத்தட்டுக்குப் போன குரல் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுடையது. 1908ல் பிறந்தவர். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல். 1935ல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. நான் யோசித்தது வேறு. கொட்டகையை நிறைத்த அந்தக் குரலை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டில் அடக்க, பதிவு செய்தவர் எவ்வளவு பதறியிருப்பார்! குரலுக்கு இடம் விட்டு அவர் வைத்த அளவு சரியாக இருந்ததால்தான் பழைய தட்டுகளில் அந்தக் கணீர் இன்னும் நிற்கிறது.

பேசும் படம் வந்தபோதும் இதே கதை. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். அது ஊமைப் படக் காலம். 1930களில் கோவையிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. தியாகராஜ பாகவதரின் சிவகவி, ஹரிதாஸ் எல்லாம் அங்கே எடுத்ததுதான். அந்தக் காலத்துப் படங்களில் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஒளிக்கோடாகப் பதிவாகும். சத்தம் கூடினால் கோட்டின் அகலம் கூடும். ஆனால் ஓரத்தில் ஒதுக்கிய இடம் குறுகலானது. அதற்கு மேல் அகலம் போனால் அங்கேயும் தலை வழிப்புத்தான். பாகவதர் உச்ச ஸ்தாயியில் நின்று சஞ்சாரம் செய்யும்போது ஒலிப்பதிவாளர் ஒருவர் கையைத் திருகியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்பார். டைட்டிலில் பெயர் ஒரு நொடி வந்து போகிற அந்த மனிதர்களை நாம் கவனித்ததே இல்லை.

அந்தக் கைகளுக்கு உதவியாக 1939ல் அமெரிக்க வானொலிக்காரர்களும் தொலைபேசி ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு முள் மீட்டரை நிர்ணயம் செய்தார்கள். வியூ மீட்டர் என்று பெயர். பழைய டேப் ரெக்கார்டரில் முள் ஆடி, வலது பக்கம் சிவப்புக் கட்டம் இருக்குமே, அதுதான். டேப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முள் கொஞ்சம் சிவப்புக்குள் போனாலும் அது உடனே வெட்டாது, மெல்ல அமுக்கும். அதனால் டேப் காலத்துக்காரர்கள் சிவப்பைத் தொடுவதற்குப் பயப்படவில்லை.

டேப் என்றதும் நம் பக்கத்தில் நடந்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும். ப்ரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965ல் அங்கே அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடச் சொல்லி முழுசாக டேப்பில் பதிந்தார். அந்த ஒலிநாடாக்களை அடிப்படையாக வைத்து எழுதி, தமிழும் ஆங்கிலமுமாக 1992ல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாகப் புத்தகம் வந்தது. பாடியது 1965ல், புத்தகம் 1992ல். நடுவில் 27 வருடம். அத்தனை காலமும் அந்த நாடாக்கள் கெடாமல் இருந்ததால்தானே அது முடிந்தது! பாடுகிறவர் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பத்திரப்படுத்தியவர்தான் அரிது. எங்கள் வீட்டில் அதே கதை இரண்டு கேசட்டில் இருந்தது, நான் பழைய சாமானோடு போட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாத்தியார் தன் தப்பை மறைத்துப் பாடம் நடத்தக்கூடாது.

1963ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. நம் ஊர்களுக்கு அது நிறைய வந்தது 80களில். சுப காரியம் என்றால் ரேடியோ செட் கட்டி, வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கரை நாலு திசைக்கும் திருப்பி வைப்போம். பக்கத்து ஊருக்குக் கேட்டால்தான் கல்யாணம் என்று மதிப்பு. சத்தமாக இருந்தால் நல்லது என்கிற எண்ணம் நமக்குள் அப்படித்தான் ஊறியது. கடைக்காரத் தம்பியிடம் நான் சொன்ன வார்த்தையும் அந்த மரத்திலிருந்து வந்ததுதான்.

1982ல் சி.டி. வந்தது. இங்கேதான் விஷயமே மாறுகிறது. கணினி ஒலியை அலையாக வைத்துக்கொள்வதில்லை, எண்களாக வைத்துக்கொள்கிறது. சி.டி.யில் ஒரு நொடிக்கு 44,100 தடவை அலையின் உயரத்தை அளந்து எழுதுகிறார்கள். உயரத்தைக் குறிக்க 65,536 படிகள். மேல்படிக்குப் பூஜ்ஜியம் டெசிபல் என்று பெயர். அதற்கு மேல் படியே கிடையாது. டேப் மாதிரி அமுக்கிக்கொண்டு தாங்காது, அங்கேயே வெட்டு. அதனால்தான் கணினியில் லெவல் எல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸில் சொல்கிறார்கள். மைனஸ் 6 என்றால் அலை உயரம் பாதி. மைனஸ் 12 என்றால் கால் பங்கு.

இப்படி ஒரு கூரை இருக்கிறது என்று தெரிந்ததும் உலகம் என்ன செய்தது தெரியுமா? எல்லோரும் அந்தக் கூரையிலேயே போய் ஒட்டிக்கொண்டார்கள். கடையில் இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் சத்தமாகக் கேட்பதுதான் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதனால் மெதுவான இடத்தை மேலே தூக்கி, உச்சியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2008ல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் குழுவின் ஆல்பம் ஒன்று அளவுக்கு மீறிச் சத்தமாக வந்துவிட்டது என்று அதன் ரசிகர்களே எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதே 2008ல்தான் நானும் என் அப்புச்சியை அந்தக் கூரையில் மோத விட்டேன்.

முடிவாக இதற்கு ஒரு நியாயமான வழி கண்டுபிடித்தார்கள். உச்சியை மட்டும் பார்க்காமல், காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று அளக்கும் முறையை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ல் வெளியிட்டது. அந்த அளவுக்கு எல்.யு.எஃப்.எஸ் என்று பெயர். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010ல் மைனஸ் 23 என்று ஒரு மட்டம் வைத்தார்கள். இன்றைக்கு ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஏறக்குறைய மைனஸ் 14க்கு மேலே சத்தமாக வரும் பாட்டைத் தாங்களாகவே குறைத்துவிடுகின்றன. கத்தினாலும் பலன் இல்லை என்றானதும் கத்துவது குறைய ஆரம்பித்தது. வகுப்பறையில் 36 வருடம் நின்ற எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

சரி, அப்புச்சிக்கு வருகிறேன். மாணவர் முடியாது என்று சொன்ன பிறகு எனக்குப் பத்து நாள் தூக்கமில்லை. அப்போதுதான் தாராபுரத்துச் சின்னம்மா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டாவது கேசட்டை இரவல் வாங்கிப் போய் ஒரு காப்பி எடுத்திருந்தார். போன் செய்தேன். "இருக்குது கண்ணு, பீரோவுக்கு மேல டப்பால கெடக்குது, பூசணம் புடிச்சிருக்கும்" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

காப்பியிலும் காப்பி. இரைச்சல் அதிகம், சத்தம் மிகக் குறைவு. ஆனால் மாணவர் கேட்டுவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "டீச்சர், தலை வழிக்கலீங்க!" நான் சொன்ன வள்ளத்தை அவரும் பிடித்துக்கொண்டார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பைப் பார்த்தார். இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. உடைத்தார். பூசணத்தைத் துடைத்து, டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பினார். ஓட்டும் டெக்கின் ஹெட்டையும் சுத்தம் செய்தார்.

அடுத்து லெவல். நேராகத் தங்காள் அழுகிற இடத்துக்குப் போனார். "இருக்கறதுலயே சத்தமான இடம் இதுதானுங்க. இதுக்கு லெவல் வெச்சா மத்ததெல்லாம் தானா அடங்கும்." அந்த இடத்தின் உச்சி மைனஸ் 12 பக்கம் நிற்கும்படி திருகியை வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு மெதுவாவா?" என்றேன். சிரித்தார். "சத்தத்தை எப்ப வேணும்னாலும் ஏத்திக்கலாங்க டீச்சர். வெட்டுப்பட்டா ஒட்ட முடியாதுங்க." 24 பிட்டில் பதிந்தால் படிகள் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் இருக்குமாம். அதனால் கால் உயரத்தில் பதிந்தாலும் நுணுக்கம் எதுவும் போகாது.

பிறகு ஃபைல். இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். நான் 2008ல் வாங்கியது 64 கிலோபிட் எம்.பி.3. சி.டி.யின் அளவில் 22ல் ஒரு பங்குதான் அது. ஃபைல் சிறிதாக வேண்டும் என்பதற்காக, பெரிய சத்தத்துக்குப் பின்னால் காதுக்குப் படாது என்று அது முடிவு செய்யும் மெல்லிய ஒலிகளை எம்.பி.3 தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது. அந்த எம்.பி.3ஐத் திறந்து, திருத்தி, மறுபடி எம்.பி.3யாக எழுதினால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான், ஒவ்வொரு தடவையும் தேயும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பி அனுப்பித் தேய்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதனால் மாணவர் முதலில் எழுதியது வேவ் ஃபைல். எதையும் எறியாமல் அப்படியே வைத்துக்கொள்வது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது 24 பிட், நொடிக்கு 48,000 அளவு என்றும், 96,000 இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. 96,000ல் ஸ்டீரியோவாக ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 2 ஜி.பி. இடம் பிடிக்கும். நம் போனில் கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிதாக இருக்கும். இந்த வேவ் ஃபைலில் இரைச்சலைக்கூட நீக்கவில்லை. அதுதான் மூலம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் நகலில்தான் இரைச்சலைக் குறைத்து, சத்தத்தை மைனஸ் 14 மட்டத்துக்கு ஏற்றி, உச்சி மைனஸ் 1ஐத் தாண்டாமல் நிறுத்தி, நமக்கெல்லாம் அனுப்ப எம்.பி.3 எழுதினார். அதுவும் 64 இல்லை, 256 கிலோபிட். மூலத்தை ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு பென் டிரைவ், கூகுள் டிரைவ் என்று மூன்று இடத்தில் வைத்தார். இதையெல்லாம் வீட்டுக் கணினியிலேயே அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். ஒன்று மட்டும் கவனம்: அதில் சேவ் கொடுத்தால் வேலைக்கோப்புதான் சேமிக்கப்படும். பாட்டாக வெளியே வர எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். உடுக்கை நிற்கிறது. அப்புச்சி மூச்சு வாங்குகிறார். பிறகு தங்காள் அழுகிறாள். குரல் ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, உடையவில்லை. அந்த அழுகைக்குப் பின்னால் மெல்ல "ம்… ம்…" என்று ஒரு குரல். அம்மாயி! கதை கேட்டு உம் கொட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பழைய சி.டி.யில் இது இல்லவே இல்லை. கரகரப்பில் மூழ்கியதோ, எம்.பி.3 தேவையில்லை என்று எறிந்ததோ. 38 வருடம் கழித்து அம்மாயியின் குரலைக் கேட்டேன். அவர் தனியாகப் பேசியோ பாடியோ பதிந்தது எங்கள் வீட்டில் எதுவுமே கிடையாது. இருப்பது இந்த "ம்" மட்டும்தான்.

இனி நான் கேட்கும் உதவி. பன்றி வேட்டை இருந்த முதல் கேசட் எங்களிடம் இல்லை. உடைந்த சி.டி. மட்டும்தான். சின்னம்மா எடுத்தது இரண்டாவது கேசட்டை மட்டும். சொந்தக்காரர்களே, அந்தக் காலத்தில் இரவல் வாங்கிப் போய் வேறு யாராவது காப்பி எடுத்தீர்களா? எத்தனை மெதுவாகக் கேட்டாலும், எவ்வளவு இரைந்தாலும் பரவாயில்லை. பரணில், பீரோ மேலே, தகர டப்பாவில் தேடிப் பாருங்கள்.

என் மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். சீர்ப்பாட்டு, கும்மி, ஒப்பாரி, தாத்தா பேசியது, எதுவாகவும் இருக்கலாம். கடையில் கொடுத்தால் மூன்று வார்த்தை சொல்லுங்கள்: "மெதுவாப் பதியுங்க. வேவ் ஃபைல் குடுங்க. கேசட்டைத் திருப்பிக் குடுங்க." சத்தமாக வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

தங்காள் அழும் பகுதியைக் கேட்க விரும்புவோர் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அனுப்பி வைக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அம்மாயியின் குரல் மெதுவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்